டாக்டரம்மா லைன்

தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சேர்ந்த அன்று முதல் காரியமாக ஓர் உறுதிமொழியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். வேலையின்போது காதில் விழும் எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன், வீட்டாரிடம்கூட. இதுதான் சாரம். படித்து முடித்ததும் சூப்பர்வைசர் அக்கா என் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, "இன்னையிலருந்து ஒனக்கு ரெண்டு காது, வாய் கிடையாது" என்றார்.

அந்தக் காலத்தில் போனை எடுத்தால் நம்பரைச் சுழற்ற முடியாது. எடுத்தவுடன் எங்கள் போர்டில் சின்ன விளக்கு எரியும். "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, வயரை எடுத்து வேண்டிய துளையில் செருகி இணைப்புக் கொடுப்போம். எதிரே இருக்கும் சாவியைச் சற்றே முன்னால் தள்ளினால் இருவர் பேசுவதும் எங்கள் காதில் விழும். பேச்சு முடிந்ததா, லைன் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தச் சாவி. இரண்டு வார்த்தை கேட்டதும் மூடிவிட வேண்டும். மூடிவிடுவோம். அப்படியும் ஊரின் குரல்கள் எல்லாம் எங்களுக்குப் பழகியிருந்தன. முகம் தெரியாதவர்களைக்கூட இருமலை வைத்து அடையாளம் சொல்லுவோம்.

நெருக்கடி நிலை வந்த அடுத்த வருடம், குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த ஒரு காலையில், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். கிராப்பைப் பார்த்தவுடனே போலீஸ் என்று தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் அக்காவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பலகைத் தடுப்பு என்பதால் பேச்சு எங்களுக்கும் கேட்டது.

"வாயால சொன்னாலாம் முடியாது. எழுத்துல ஆர்டர் கொண்டாங்க."

"காலம் எப்படி இருக்குன்னு தெரியும்லாம்மா ஒங்களுக்கு?"

"தெரியும். அதுக்குத்தான் எழுத்துல கேக்கேன்."

அக்கா வாசுதேவநல்லூர்க்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை. மறுநாள் எழுத்து மூலமாக ஆர்டர் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். குற்றாலத்து லைன்கள் என் போர்டில்தான் இருந்தன.

கேட்க வேண்டியது ஒரே ஒரு லைன். குற்றாலத்திலிருந்து இலஞ்சி போகும் ரோட்டில் வீட்டோடு ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு பெண் டாக்டருடையது. சுற்றுவட்டாரத்தில் பிரசவம் என்றால் டாக்டரம்மாதான். அவருடைய தம்பி கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். தடை செய்யப்பட்ட ஓர் அமைப்பில் சேர்ந்து, துண்டறிக்கை அச்சடித்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். தன் அக்கா டாக்டரம்மாவுக்கு எப்படியும் போன் செய்வார் என்பது போலீஸின் கணக்கு.

"துண்டறிக்கைக்கா அண்ணாச்சி இவ்வளவு?" என்று அந்த மஃப்டி போலீஸ்காரரிடம் நான் கேட்டுவிட்டேன். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தோம்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "கல்குவாரியில ஒரு பெட்டி தோட்டா களவு போயிருக்கும்மா. பாறை ஒடைக்குத தோட்டா. அது யார் கையில இருக்குன்னு தெரியல. செங்கோட்டை தாண்டி மலையில ரயில் பாலம் இருக்கு, குகை இருக்கு. அங்கன ஒண்ணு வச்சா என்ன ஆவும்? ஒங்க அப்பா அந்த வண்டியில கார்டுதானே?"

என் அப்பா செங்கோட்டையிலிருந்து மலையேறிப் புனலூர் போகும் மீட்டர்கேஜ் வண்டியில் கார்டாக இருந்தார். இவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.  அன்று மாலை அப்பா கொடியையும் விளக்கையும் வாசலில் வைத்துவிட்டுக் கால் கழுவும்போது, அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். டாக்டரம்மா லைனில் விளக்கு எரிந்தால் சாவியைத் தள்ளி, முடியும்வரை மூடாமல் வைத்திருக்க வேண்டும். அண்ணாச்சி எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உபரியாகக் கிடந்த ஒரு ஹெட்செட்டை அவருக்கும் செருகிக் கொடுத்திருந்தோம். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். மாலையில் ஸ்டேஷனுக்குப் போய் வாயால் சொல்லுவார்.

டாக்டரம்மாவின் தம்பி போன் செய்யவில்லை. செய்தவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது என்று அழுகிற அம்மா. புருஷனுக்கு வந்த நோய் தனக்கும் வந்துவிட்டதா என்று பாதிக் குரலில் கேட்கும் கடைக்காரர் மனைவி. குழந்தை இல்லாததற்குக் குறை தன்னிடம்தான் என்பதைத் தன் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சும் ஒரு பெரிய மனிதர். அவர் மேடையேறிப் பேசிக் கேட்டிருக்கிறேன். அதே குரல்தான், ஆனால் ஒடிந்து கிடந்தது. இவர்கள் ஒவ்வொருவரும் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் போனை எடுத்திருப்பார்கள். இந்தப் பக்கம் நானும் ஒரு போலீஸ்காரரும் அடுத்தடுத்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். சில சமயம் நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்ப்போம்.

ரதவீதியில் நடக்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. எதிரே வருகிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால், இவளா அவள் என்று மனம் தேடும். வேண்டாம் என்றாலும் தேடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மத்தியானம் டாக்டரம்மா லைனில் விளக்கு எரிந்தது.

"நம்பர் ப்ளீஸ்."

"நம்பர் வேண்டாம்மா. ஒங்க சூப்பர்வைசர் இருக்காவளா? அவங்கள்ட்ட பேசணும்."

 சூப்பர்வைசர் அக்காவுக்கும் டாக்டரம்மாவுக்கும் என்ன பேச்சு? அண்ணாச்சி ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அக்காவின் அறைக்கு இணைப்புக் கொடுத்தேன். தடுப்புக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக அக்கா போனை எடுப்பது தெரிந்தது.

"நீங்க ஏன் வரவேயில்ல?" என்று டாக்டரம்மா கேட்டார். "மதுரையிலருந்து ரிசல்ட் வந்து கிடக்கு. நல்லா இல்லம்மா. அந்தக் கட்டி..."

நான் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்ட கை தானாகப் பின்னால் வருமே, அப்படி. வயர் போர்டு மேடையில் திரும்பி விழுந்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்துப் போர்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்ணுன?" என்றார் அண்ணாச்சி.

"லைன் விழுந்துட்டு அண்ணாச்சி."

"விழுந்துட்டா, புடுங்குனியா?"

 அதற்குள் அக்கா அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். குரல் மாறிவிட்டிருந்தது. "டாக்டரம்மாவுக்கும் ஒங்களுக்கும் என்னம்மா தொடர்பு? இத நீங்க எங்கள்ட்ட சொல்லவே இல்லையே. ரிசல்ட்டுன்னா என்ன ரிசல்ட்டு? கட்டின்னா?"

போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒருத்தியும் எடுக்கவில்லை.

"எனக்கு மார்புல கட்டி," என்றார் அக்கா. "புற்றா இருக்குமோன்னு டெஸ்டுக்கு அனுப்பியிருந்தது. போதுமா, இன்னும் சொல்லணுமா? ஒங்க ஆர்டர் என் மேசையில கிடக்கையில நான் எப்படி அவங்களுக்குப் போன் பண்ணுவேன்? அவங்க வீட்டுக்குப் போனா வாசல்ல ஒங்க ஆளு நிக்கான். அதனாலதான் போகல. இதையும் போய் ஒங்க இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "விளக்கு எரியுதுல்லா, எடுங்கட்டி" என்றார். அறைக்குள் போனவர் கதவைச் சாத்தவில்லை. சாத்தி என்ன பயன் என்று நினைத்தாரோ என்னவோ.

அண்ணாச்சி வராந்தாவில் போய் நின்றார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நனைகிறோம் என்பதே தெரியாமல் நின்றார். ரொம்ப நேரம் கழித்து வந்து, ஹெட்செட்டைக் கழற்றி என் போர்டின் ஓரத்தில் வைத்தார். "இனிமே நான் கேக்கலம்மா. நீ கேட்டு, அந்தப் பயல் சம்பந்தமா இருந்தா மட்டும் சொல்லு. நான் வெளியில இருக்கேன்."

நிம்மதியாகத்தான் இருந்தது முதலில். வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் உறைத்தது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது இனி என் ஒருத்தி தலையில். மறு வாரமே சூப்பர்வைசர் அக்கா லீவு போட்டுவிட்டு ஆபரேஷனுக்கு மதுரை போனார். யோசனை கேட்க ஆளும் இல்லை.

டாக்டரம்மாவின் தம்பியிடமிருந்து போன் வந்தது அப்போதுதான். பண்பொழியில் பொதுத் தொலைபேசி இருந்த ஒரு கடையிலிருந்து வந்த கால். குரலில் மூச்சு வாங்கியது.

"அக்கா, நான்தான்."

 டாக்டரம்மா, "சொல்லு" என்றார்.

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரும்க்கா. அதுக்கப்புறம் நான் இங்கன இருக்கமாட்டேன்."

"செய்யுதவனுக்குக் கை நடுங்காம இருக்கணும். எடம் மாறி எறங்கிட்டுன்னா வினை. சொல்லிக் குடுத்தது நெனப்பிருக்கா அவனுக்கு?"

"இருக்கு."

"வச்சிரு. இனிமே போன் பண்ணாத."

நான் சாவியை மூடினேன்.  வெள்ளிக்கிழமை. கை நடுங்கக் கூடாது. இடம் மாறக் கூடாது. வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மலைப்பாதை டியூட்டி.

அண்ணாச்சி வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் என் பொறுப்பு அத்தோடு முடிந்திருக்கும். எழுந்துகூட விட்டேன். கதவுவரை போனேன். சூப்பர்வைசர் அக்காவின் காலியான நாற்காலி கண்ணில் பட்டது. அரைகுறையாகக் கேட்டதை வைத்து ஒரு மனுஷியை நடுக்கூடத்தில் நிறுத்தி என்ன கேள்வி கேட்டார்கள் என்று நான் பார்த்திருந்தேன். நான் கேட்டதும் அரைகுறைதான். "என்னம்மா?" என்றார் அண்ணாச்சி. "தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன்.

மறுநாள் எனக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் குற்றாலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சீசன் கூட்டம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் நிச்சயம். உங்கள் லைனை ஒட்டுக் கேட்கிறோம் என்று அந்த லைன்காரரிடமே போய்ச் சொல்வது அந்த நாளில் சாதாரணக் குற்றம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே வெற்றிலைபாக்குக் கடையில் ஒருவன் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தான். என்னை ஏறிட்டுப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை, நிஜமாகவே வலித்தது.

பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மெலிந்த, உயரமான பெண். அத்தனை நாள் கேட்ட குரலுக்கு வேறு முகம் நினைத்து வைத்திருந்தேன்.

"என்ன செய்யுது?"

"வயித்து வலி டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நம்பர் ப்ளீஸ்னு சொல்லுத பிள்ளதானே நீ?"

 தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"என் லைனக் கேக்காவன்னு எனக்குத் தெரியும். முன்னெல்லாம் நீங்க சாவிய மூடுத சத்தம் கேக்கும். இப்ப பேச்சு முடியுதவரைக்கும் அந்தச் சத்தம் கேக்கமாட்டேங்கு. எதுக்கு வந்த?"

"வெள்ளிக்கிழமை என்ன டாக்டர்?" என்றேன். அழுகை வந்துவிட்டது. "எங்கப்பா ரயில்ல கார்டு. அன்னைக்கு மலை வண்டியில போறாவ. தோட்டா களவு போயிருக்குன்னு சொல்லுதாவ. எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அவர் என்னை நம்புவதா வேண்டாமா என்று யோசித்தார். அது முகத்தில் தெரிந்தது. நான் போலீஸ் அனுப்பிய ஆளாகவும் இருக்கலாம் அல்லவா.

"அவனுக்குக் காசநோய்," என்றார் கடைசியில். "ரத்தமா துப்புதான். தெனமும் இடுப்புல ஊசி போடணும். அங்கன ஒரு பையனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அவனுக்குக் கை நடுங்கும். வெள்ளிக்கிழமை கடைசி ஊசி. அதுக்கப்புறம் கேரளாப் பக்கம் போயிருவான். இதுதான் சங்கதி. நீ நம்பணும்னு கட்டாயம் இல்ல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"போலீஸ்ட்டச் சொல்லணும்னா சொல்லு. ஒன்னத் தடுக்க என்னால முடியாது. ஆனா அவன இந்த நெலமையில ஸ்டேஷன்ல கொண்டுபோய் அடிச்சாவன்னா ரெண்டு நாள் தாங்கமாட்டான். அவன் அச்சடிச்ச பேப்பர நீ வாசிச்சிருக்கியா?"

"இல்ல."

"நானும் சண்டை போட்டிருக்கேன் அவன்கூட. ஆனா ரயிலுக்கு வைக்குதவன் இல்ல." மருந்துச் சீட்டு ஒன்றைக் கிழித்து நீட்டினார். "வயித்துவலிக்கு மாத்திர எழுதியிருக்கேன். கடையில வாங்கு. வெளிய இருக்கவன் கேப்பான்."

நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம், "நாளைக்கு லீவு போடுங்களேன்ப்பா" என்றேன். "ஏன்?" என்றார். காரணம் சொல்ல முடியவில்லை. கனவு சரியில்லை என்றேன். "ஒன் கனவுக்கு ரயில நிப்பாட்டச் சொல்லுதியா?" என்று சிரித்துவிட்டுப் போனார். காலையில் கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியவரை அம்மாவோடு நின்று பார்த்தேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. சாப்பாட்டுத் தூக்கின் மூடி சரியாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று போர்டில் நான் கொடுத்த இணைப்புகளில் பாதி தவறு. அரிசி மில்லைக் கேட்டவருக்குத் தாலுகா ஆபீஸைக் கொடுத்தேன். வண்டி மலையிறங்கித் திரும்புகிற நேரம் நெருங்க நெருங்க, செங்கோட்டை எக்ஸ்சேஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "வண்டிச் சத்தம் கேட்டுதா?" "இல்லட்டி. ஒனக்கு இன்னைக்கு என்ன வந்துட்டு?" மறுபடியும் கூப்பிட்டேன். மழையால் தாமதம் என்றாள். அதற்கடுத்த முறை அவள் பேசவில்லை. ஹெட்செட்டை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள். தூரத்தில் விசில் கேட்டது. நான் சாவியை மூடிவிட்டுக் கழிப்பறைக்குள் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்குச் சுலபம்.

சில நாள் கழித்து, காலை ஷிஃப்டில், டாக்டரம்மா தென்காசி அரசு ஆஸ்பத்திரியைக் கேட்டார். குரல் பதறியது. அங்கே இருந்த டாக்டரிடம் சொன்னார். "இலஞ்சியிலருந்து ஒரு ஆளத் தூக்கிட்டு வந்திருக்காவ. சித்தாத்துல மீனுக்குத் தோட்டா போட்டிருக்கான். கையிலயே வெடிச்சிட்டு. வலது கை மணிக்கட்டோட போயிட்டு. கட்டுப்போட்டு கார்ல அனுப்புதேன், தியேட்டர ரெடியா வைங்க. போலீஸுக்கு இப்பமே சொல்லிராதிய. போலீஸக் கண்டா பயத்துல வண்டியிலருந்து குதிச்சிருவான். மொதல்ல உயிரக் காப்பாத்துவோம்."

பின்னால் ஒரு பெண் அலறி அழுவது கேட்டது. அவன் மனைவியாக இருக்க வேண்டும். "மிச்சம் பம்ப்செட் ரூம்ல கிடக்கே டாக்டரம்மா, பிள்ளைக எல்லாம் அங்கனதான வெளையாடும்" என்றாள். "அதப் பொறவு பாப்போம், நீ கால்மாட்டுல போயி பிடி" என்று டாக்டரம்மா அதட்டினார். போன் வைக்கப்பட்டது.

ஆற்றில் தோட்டா போட்டு மீன் பிடிப்பது எங்கள் பக்கம் நடக்கிறதுதான். களவு போன பெட்டி எதற்குப் போயிருக்கிறது என்பது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ரயில் பாலமும் இல்லை, குகையும் இல்லை.

இது நோயாளி விஷயம். இதுவரை நோயாளி விஷயம் ஒன்றைக்கூட நான் வெளியே விட்டதில்லை. ஆனால் மழை. வயலில் நடவு நடக்கிற சமயம். மழை வந்தால் நடவுப் பெண்கள் குழந்தைகளோடு பம்ப்செட் அறைக்குள்தான் ஒதுங்குவார்கள். பீடிக்கு நெருப்புப் பற்றவைக்கிற ஆட்களும் அங்கேதான். டாக்டரம்மா "பொறவு" என்று சொன்ன அந்த நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வராந்தாவுக்கு ஓடினேன். "அண்ணாச்சி, இலஞ்சிப் பக்கம் ஒரு பம்ப்செட் ரூம்ல தோட்டா கிடக்கு. ஒடனே போங்க."

அவர் பீடியை எறிந்தார். "யார் சொன்னா?"

"அதக் கேக்காதிய. மொதல்ல போங்க."

"எந்தப் பம்ப்செட்டும்மா? இலஞ்சியில எம்புட்டு இருக்கு? தோப்புக்கு ஒண்ணு, வயலுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணாத் தெறந்து பாக்க நாள் ஆயிரும்."

அவர் சொன்னது நியாயம். ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்ல வழியே இல்லை. ஒரு மூச்சு நின்றேன். பிறகு, "கை போயி ஒரு ஆள் பெரியாஸ்பத்திரிக்கு வாரான். அவன் வேல பாக்குத வயல்ல" என்றேன்.

அவர் ரோட்டில் இறங்கி ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை.

பெட்டி கிடைத்தது. உரச்சாக்குகளுக்கு அடியில், ஈரம் படாமல் சாக்கால் சுற்றி வைத்திருந்ததாம். போலீஸ் போனபோது உள்ளே நான்கைந்து பெண்கள் கைப்பிள்ளைகளோடு மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்களாம். இதை அண்ணாச்சிதான் வந்து சொன்னார். பெட்டியை இரண்டு பேர் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்துவந்ததை நின்று பார்த்திருக்கிறார். கை போனவனை ஆபரேஷன் முடிந்த கையோடு கட்டிலில் விலங்கு போட்டுக் கட்டினார்கள். தடை செய்யப்பட்ட அமைப்புக்காரன் என்று எழுதப் பார்த்தார்கள். அவனுக்கு அந்தப் பெயரே சொல்ல வரவில்லை. எப்படியும் ஜெயிலுக்குப் போனான்.

மறுநாள் டாக்டரம்மா லைனில் விளக்கு எரிந்தது.

"நம்பர் ப்ளீஸ்."

"சொல்லிட்ட, என்ன?"

"ஆமா டாக்டர்."

 "அவன் பொண்டாட்டி என்னத்தான் கை காட்டுதா. டாக்டர்ட்டப் போனாலே போலீஸ் வருதுன்னு ஊரே சொல்லுது. நேத்துலருந்து ஒரு ஆள் வரல."

"அந்த ரூம்ல பிள்ளைக இருந்துச்சு டாக்டர்."

அவர் போனை வைத்துவிட்டார். மெதுவாகத்தான் வைத்தார்.

தோட்டா கிடைத்துவிட்டதே, இனி எதற்கு அந்த லைனைக் கேட்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்திருக்கிறார். "ஆர்டர் கேன்சல் ஆகலம்மா" என்றார். எந்தப் பெட்டிக்காக ஆர்டர் வந்ததோ அது வழக்குப் பொருளாகி ஸ்டேஷனில் பூட்டிக் கிடந்தது. ஆர்டர் மட்டும் உயிரோடு இருந்தது.

சூப்பர்வைசர் அக்கா ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தார். ஒரு பக்கத் தோள் சரிந்திருந்தது. சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தார். வந்த அன்றே என் போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அண்ணாச்சி காதில் விழும்படி, "இனிமே எம் பிள்ளைக யாரும் அந்த லைனக் கேக்கமாட்டாவ. கேக்கணும்னா ஒங்க ஆளக் கொண்டாந்து ஒக்காத்துங்க. என் மேல புகார் எழுதணும்னா எழுதிக்கிடுங்க" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. அண்ணாச்சி எழுதவில்லை. தானே வந்து அந்தப் பழைய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார். பாதி நேரம் தூங்கிவிடுவார். தூங்கினாரா, தூங்குவது மாதிரி இருந்தாரா என்று நான் ஆராயவில்லை. நெருக்கடி நிலை விலகிய பிறகு ஒரு நாள் அவர் வரவில்லை. அத்தோடு சரி.

டாக்டரம்மாவின் தம்பி உயிரோடு திரும்பினார். சில வருடம் கழித்து தென்காசியில் ஒரு டுட்டோரியலில் பாடம் நடத்தினார். ரோட்டில் என்னைக் கடந்து போயிருக்கிறார். என்னைத் தெரியாது அவருக்கு.

எண்பதுகளில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டி, படுக்கையில் விழுந்தேன். நல்ல டாக்டர் வேண்டும் என்றால் டாக்டரம்மாவிடம்தான் போக வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாக நின்றார். நான் மறுத்துப் பார்த்தேன். காரணம் சொல்லவில்லை. கடைசியில் போனோம். பெஞ்சில் இடம் இல்லாமல் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்கள் என்று பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. நான் "வணக்கம் டாக்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் அடையாளம் கண்டுகொண்டார். என் கணவரை வெளியே இருக்கச் சொன்னார்.

"இலஞ்சிக்காரன் ஜெயில்லருந்து வந்துட்டான், தெரியுமா?" என்றார். "இப்ப நடவுக் கூலிக்கு ஆள் கூட்டிட்டுப் போறான். மீன் பக்கமே போறதில்ல."

"கேள்விப்பட்டேன் டாக்டர்."

"அன்னைக்கு அவன் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வராம ஒளிஞ்சிருந்தான்னா செத்திருப்பான். நம்பித்தான் வந்தான்." ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டே சொன்னார். "நீ செஞ்சது சரின்னு எனக்கு இன்னும் தோணல."

"எனக்குத் தோணுது டாக்டர்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. குளிர்ந்த அந்த வட்டத்தை என் முதுகில் வைத்து, "சரி. மூச்ச நல்லா இழுத்து விடு" என்றார்.